நம்மூர் வெயிலுக்கு எந்த ஃபிலமென்ட்?

திருகோணமலையில் முப்பரிமாண அச்சு வேலைக்கு என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எது நல்ல ஸ்ட்ரோங்?" நான் திருப்பிக் கேட்பது, "எங்கே பூட்டப் போறீங்க?"

ஃபிலமென்ட் என்பது பிரின்டர் உருக்கி அடுக்கடுக்காகப் பாகம் கட்டும் பிளாஸ்டிக் இழை; பிஎல்ஏ, பெட்ஜி, ஏபிஎஸ், ஏஎஸ்ஏ எல்லாம் அதன் வகைகள். மூடி நிறுத்திய காரின் டாஷ்போர்டில் என்றால் பிஎல்ஏ வேண்டவே வேண்டாம். கையால் வளைத்துப் பார்த்தால் பெட்ஜியைவிட அதுதான் விறைப்பாக இருக்கும். பலர் ஏமாறுவதும் அதில்தான். 60 பாகை செல்சியசை நெருங்கும்போதே பிஎல்ஏ இளகத் தொடங்கிவிடும். ஒரு தம்பி கொண்டுவந்த கைபேசித் தாங்கியில் ஒரு வெடிப்புக்கூட இல்லை. ஆனால் பிடிக்கும் இரண்டு விரல்களும் கைபேசியின் பாரத்தில் மெழுகுபோலத் தொங்கியிருந்தன. சூடு இல்லாவிட்டாலும், ஸ்குரூ போட்டு இறுக்கிய பிஎல்ஏ நாளடைவில் தளர்ந்துகொண்டே போகும்.

பெட்ஜி ஏறத்தாழ 80 பாகை வரை தாங்கும். வீட்டுப் பாவனைக்கு, தண்ணீர் படும் இடத்துக்கு அது போதும். நிலாவெளிப் பக்கம் படகில் பூட்டி, நாள் முழுக்க வெயிலில் கிடக்கும் சாமானுக்கு ஏஎஸ்ஏ. ஏபிஎஸ்ஸும் அதே அளவு சூடு தாங்கும், ஆனால் வெயில் பட்டுப் பட்டு நொறுங்கத் தொடங்கும். இரண்டையும் மூடிய பிரின்டரில்தான் அடிக்க வேண்டும். கடல்காற்று வரட்டும் என்று ஜன்னலைத் திறந்துவிட்டால் பாகம் சடுதியாக ஆறி மூலைகள் வளைந்து கிளம்பிவிடும். அதற்காக அறையை அடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காராதீர்கள், அந்தப் புகை உடம்புக்குக் கூடாது. பிரின்டரின் பெட்டியிலிருந்தே புகையை வெளியே எடுங்கள்.

இனி சப்போர்ட், அதாவது அந்தரத்தில் நிற்கும் பகுதியை அடிக்கும்போது கீழே தாங்கக் கொடுத்து, பிறகு பிய்த்தெடுக்கும் முட்டு. சிக்கல் அதிகம் வருவது இங்கேதான். ஒரே பிளாஸ்டிக்கில் பாகத்தையும் சப்போர்ட்டையும் அடித்தால் நடுவே ஓர் அடுக்கு அளவு, அதாவது 0.2 மில்லிமீற்றர் இடைவெளி விட வேண்டும். குறைத்தால் பிய்க்க முடியாது, பெட்ஜி என்றால் பாகத்தையே பெயர்த்துக்கொண்டு வரும். கூட்டினால் அடிப்பக்கம் நூல் நூலாகத் தொங்கும். இரண்டு ஃபிலமென்ட் போடக்கூடிய பிரின்டர் இருந்தால் வழி சுலபம்: பிஎல்ஏயும் பெட்ஜியும் ஒன்றோடொன்று சரியாக ஒட்டாது. பெட்ஜிப் பாகத்துக்கு, அதைத் தொடும் சப்போர்ட் அடுக்குகளை மட்டும் பிஎல்ஏயில் கொடுத்து இடைவெளியைப் பூச்சியமாக வையுங்கள். நகத்தால் தட்டினாலே கழன்றுவிடும், அடிப்பக்கமும் வழவழப்பாக இருக்கும்.

தண்ணீரில் கரையும் பிவிஏயைப் பலர் ஆசையோடு வாங்குகிறார்கள். கை நுழையாத உட்பகுதிக்கு அது நல்லதுதான். ஆனால் தண்ணீரில் கரைவது காற்றின் ஈரத்தையும் குடிக்கும்தானே! மாரி காலத்தில் உறை பிரித்து வெளியே வைத்தால் விரைவிலேயே பழுதாகிவிடும். அச்சடிக்கும்போது நொசிலில் (உருகிய பிளாஸ்டிக் வெளிவரும் முனையில்) 'டிக் டிக்' என்று வெடிக்கும் சத்தம் கேட்டால் எந்த ஃபிலமென்டானாலும் ஈரம் ஏறிவிட்டது என்று அர்த்தம். பெட்ஜியை 65 பாகையிலும் பிஎல்ஏயை 45 பாகையிலும் சில மணிநேரம் காயவிடுங்கள். ஈரம் குடிப்பதில் நைலோனும் பிவிஏக்குச் சளைத்ததல்ல.

பிளாஸ்டிக் எதுவானாலும் அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில்தான் பலம் குறைவு. பாரம் தூக்கும் கொக்கியை நிமிர்த்தி வைத்து அடித்தால் கழுத்தில் முறியும்; படுக்கவைத்து அடித்தால் சப்போர்ட்டும் குறையும். பழைய பாகம் உடைந்திருந்தால் துண்டுகளை எறியாமல் கொண்டுவாருங்கள். எந்தப் பக்கம் இழுபட்டு முறிந்தது என்று பார்த்துத்தான் புதியதை எப்படிக் கிடத்துவது என்று முடிவெடுப்பேன்.