சொல் விளக்கம்: ‘கரண்ட் வைத்தல்’ என்னும் புறக்கதிர்ச் சிகிச்சை

பாலக்கோட்டில் எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கு இரத்தப் புற்றுநோய். பெங்களூரில் வைத்தியம் முடிந்து வந்தவனைத் திண்ணையில் தனிக்கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். “தலையில கரண்ட் வச்சிருக்காங்க, சின்னப் பிள்ளைங்க கிட்ட போகாதீங்க” என்றார் பாட்டி. கிருமி அண்டாமல் அவனைக் காப்பது வேறு. பாட்டியோ அவனிடமிருந்து மற்றவர்களைக் காத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கரண்டை மருத்துவர்கள் எக்ஸ்டர்னல் பீம் ரேடியேஷன் தெரபி என்பார்கள்; உடம்புக்கு வெளியிலிருந்து கதிரைப் பாய்ச்சும் சிகிச்சை. ரேடியேஷனுக்கு வேர், லத்தீனின் ரேடியஸ்: கோல், சக்கரத்தின் ஆரக்கால், ஒளிக்கதிர். நமக்குக் கதிர் என்றதும் முதலில் கண்ணில் வருவது கேழ்வரகுக் கதிர்தான். ஒரே காம்பின் நுனியில் ஐந்தாறு விரல்களாகப் பிரிந்து உள்ளே மடங்கி நிற்கும். வெயிலின் கதிரும், நூல் நூற்கும் கதிரும் அதே சொல்.

பத்திரிகைகள் இதைக் ‘கதிரியக்க சிகிச்சை’ என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. கதிரியக்கம் என்றால் ஒரு பொருள் தானாகவே கதிரை உமிழ்வது. இந்தச் சிகிச்சைக்குக் கதிர் தரும் லீனியர் ஆக்சிலரேட்டர் என்னும் மெஷினில் அப்படிப் பொருள் எதுவும் இல்லை. மின்சாரத்தால் எலக்ட்ரான்களை முடுக்கி, உலோகத்தில் மோதவிட்டு, எக்ஸ் கதிரை உண்டாக்குகிறது. நிறுத்தினால் கதிரும் நின்றது. கதிர் தரும் இன்னொரு வகையான கோபால்ட் மெஷினில் கதிரியக்கப் பொருள் உண்டு. ஆனால் அது மெஷினை விட்டு வெளியே வராது.

பையனுக்கு வந்த இரத்தப் புற்றுநோய்க்கு மருத்துவப் பெயர் லுகேமியா. அது வெண்மை, இரத்தம் என்ற இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை. 1847இல் ஜெர்மன் மருத்துவர் விர்கோ வைத்த பெயர். வெண்குருதிப் புற்று எனலாம். உடம்பெல்லாம் ஓடும் இரத்தத்தில் நோய் இருக்க, கதிரை எங்கே குறிவைப்பது? அதனால்தான் இதில் இரத்தத்தோடு உடம்பெங்கும் போகும் கீமோ மருந்துதான் முதல். பல கீமோ மருந்துகள் மூளைக்குள் எளிதில் நுழையாது. அங்கே ஒளிந்த செல்களுக்காகச் சிலருக்குத் தலையில் கதிர் தருவார்கள். எலும்பு மஜ்ஜை மாற்றத்துக்கு முன் முழு உடம்புக்கும் தருவதுண்டு. 3 நாளில் 6 தவணையாக 12 கிரே (உடம்பு ஏற்கும் கதிரை அளக்கும் அலகு) என்பது பரவலான ஓர் அளவு.

சரி, எக்ஸ்டர்னல் பீமுக்கு ‘புறக்கதிர்’ பொருந்தும். புறக்கடை, புறம்போக்கு என்று நாம் புழங்கும் அதே ‘புறம்’. கதிரியக்க விதையை உடம்புக்குள் வைக்கும் முறையை ‘அகக்கதிர்’ என்றால் இரண்டும் பிரிந்து நிற்கும். குழந்தைகள் விலகியிருக்க வேண்டிய தேவை அங்கே வரலாம், இங்கே இல்லை.

பாட்டியிடம், “வெயில்ல நின்னுட்டு வந்தவன் மேல வெயில் ஒட்டிக்கிட்டா வருது?” என்று கேட்டேன். கட்டில் அன்று சாயங்காலமே வீட்டுக்குள் போனது.