பிள்ளையிடம் நேராகவே கேட்டுவிடுங்கள்

"கேட்டால் நாமே அந்த எண்ணத்தைப் பிள்ளை மனதில் போட்டது மாதிரி ஆகிவிடாதா?" பதின்வயதுப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை தருவது என் வேலை என்பதால், பெற்றோர்களிடமிருந்து நான் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். ஆகாது. தற்கொலை எண்ணம் வருகிறதா என்று கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. கேட்டதும் பல பிள்ளைகளின் முகத்தில் நான் பார்ப்பது பயம் இல்லை, அப்பாடா, ஒருத்தராவது கேட்டுவிட்டார்களே என்கிற நிம்மதிதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஆண்டுதோறும் 7,20,000க்கும் அதிகமானோர் தற்கொலையால் இறக்கிறார்கள். 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் மரணங்களுக்கு அது மூன்றாவது பெரிய காரணம். இவ்வளவு பெரிய விஷயத்தை ஜாடைமாடையாகப் பேசிக் கடக்க முடியாது.

சரி, எப்படிக் கேட்பது? எதிரே உட்கார வைத்து விசாரணை மாதிரி வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்தோ, சேர்ந்து நடக்கும்போதோ, "கொஞ்ச நாளா நீ சரியாத் தூங்கல, பிரெண்ட்ஸோடவும் பேசறதில்ல. உயிரோட இருக்கவே வேண்டாம்னு தோணுதா?" என்று கேளுங்கள். "நீ அப்படியெல்லாம் நினைக்க மாட்டதானே?" என்று கேட்டால் பிள்ளை உங்களுக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்லும். "தெரியல" என்று வந்தால் அதை "இல்லை" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அங்கேயே இருங்கள், அடுத்து அது பேச ஐந்து நிமிடம் ஆனாலும் பரவாயில்லை. "ஆமா" என்று வந்தால் "உனக்கு என்ன குறை வெச்சோம்?" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், அந்த ஒரு வாக்கியத்தோடு வாயை மூடிக்கொண்ட பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். "சொன்னது நல்லதாப் போச்சு, இதைச் சேர்ந்தே பார்க்கலாம்" போதும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள், ஏனென்றால் சொல்ல வேண்டியிருக்கும்.

பிரியமான பொருளைத் திடீரென்று யாருக்காவது கொடுப்பது, தான் எல்லோருக்கும் பாரம் என்று பேசுவது, பல வாரம் வாடிக் கிடந்துவிட்டுக் காரணமே இல்லாமல் ஒரே நாளில் அமைதியாகிவிடுவது, இதையெல்லாம் பார்த்தால் நாளைக்குத் தள்ளாமல் அன்றே கேளுங்கள். "சும்மா மிரட்டுறான்" என்று விடுவதுதான் எனக்கு மிகவும் பயம் தருவது.

அன்றைக்கே செய்ய வேண்டிய இன்னொன்று, வீட்டில் உள்ள மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் பூட்டி வைப்பது, முடிந்தால் வீட்டைவிட்டே அகற்றுவது. உயிரை விடும் அந்த உந்துதல் பலருக்குக் கொஞ்ச நேரம்தான் உச்சத்தில் இருக்கும், கைக்கெட்டாமல் இருந்தாலே அந்த நேரம் கடந்துவிடும்.

உதவிக்கு எடுத்த எடுப்பிலேயே மனநல மருத்துவர்தான் வேண்டும் என்றில்லை. குடும்ப மருத்துவரோ பள்ளி ஆலோசகரோ வழிகாட்டலாம். ஆனால் எப்படி, எப்போது என்று திட்டம் வைத்திருந்தாலோ ஏற்கெனவே முயன்றிருந்தாலோ தனியே விடாமல் உடனே அவசர சிகிச்சைக்குக் கூட்டிப் போங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் இந்தியாவில் 14416, இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767. மற்ற நாடுகளில் இருப்பவர்கள் அங்குள்ள எண்ணை இப்போதே போனில் சேமித்து வையுங்கள். இதைப் படிக்கும் நீங்களே அந்தப் பிள்ளை என்றால், இந்த எண்கள் உங்களுக்கும்தான். வீட்டில் சொல்ல முடியாவிட்டால் ஆசிரியரோ அத்தையோ, நம்பும் ஒரு பெரியவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

முதல் சந்திப்பில் ஆலோசகர் பிள்ளையோடு தனியாகப் பேசக் கேட்பார், விடுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் உங்களிடம் கட்டாயம் சொல்வார். அந்த ஆளோடு ஒத்துப்போகவில்லையா, வேறொருவரைப் பாருங்கள், சிகிச்சையை விட்டுவிடாதீர்கள். மனச்சோர்வு மாத்திரை கொடுத்தால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும், மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தக் கூடாது. அப்புறம், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியதும் ஆபத்து தீர்ந்தது என்று பலர் மூச்சு விடுகிறார்கள், உண்மையில் அதற்கடுத்த வாரங்களில்தான் ஆபத்து அதிகம். அதனால் அடுத்த சந்திப்புக்கு நாள் குறித்து வாங்கிக்கொள்ளாமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.