லைவ் ஆக்‌ஷன்: தமிழில் மெய்ந்நடிப்பு

படப்பிடிப்பில் இயக்குநர் ‘ஆக்‌ஷன்’ என்று குரல் கொடுத்தால் யாரும் சண்டைக்குக் கிளம்புவதில்லை, நடிக்கத் தொடங்குகிறார்கள். ‘லைவ் ஆக்‌ஷன்’ என்ற தொடரில் இருப்பதும் அந்த ஆக்‌ஷன்தான். ‘செய்தல்’ என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து கிளைத்து, மேடையேறி ‘நடித்தல்’ ஆன சொல் அது. ஆனால் நம் ஊரில் ஆக்‌ஷன் படம் என்றாலே அடிதடி. லைவ் என்றால் கிரிக்கெட் நேரலை. இரண்டையும் சேர்த்துக் கேட்பவருக்கு ‘நேரலையில் சண்டை’ என்று தோன்றினால் தப்பு அவர்மேல் இல்லை. ‘நேரடி அதிரடி’ என்று பெயர்த்தாலும் அதே குழப்பம்தான் வரும்.

பொருள் எளிது. வரைந்த உருவங்களை வைத்து அல்லாமல், ஆட்கள் கேமரா முன் நின்று நடித்து எடுத்த படம் லைவ் ஆக்‌ஷன். சரி, படம் என்றாலே அப்படித்தானே, அதற்கு எதற்குத் தனிப் பெயர்? பேசும் படம் வந்த பிறகுதான் அதற்கு முந்தையவற்றுக்கு ‘மௌனப்படம்’ என்ற பெயர் தேவைப்பட்டது. அதுபோல, அனிமேஷன் வளர்ந்து பக்கத்தில் வந்து நின்ற பிறகே இதற்கும் ஓர் அடைமொழி வேண்டியிருந்தது. இன்று இந்தச் சொல் அதிகம் அடிபடும் இடங்களில் ஒன்று, ஜப்பானிய வரைகதைகளான மங்கா, அனிமேஷன் படங்களான அனிமே ஆகியவற்றின் கதைகளை மேற்கத்திய நிறுவனங்கள் ஆள் வைத்து எடுக்கும் முயற்சி. 2009-இல் ‘டிராகன்பால் எவல்யூஷன்’, 2017-இல் ‘கோஸ்ட் இன் த ஷெல்’, ‘டெத் நோட்’, 2019-இல் ‘அலிடா’, 2023-இல் தொடராக ‘ஒன் பீஸ்’ என்று பட்டியல் நீளும்.

ஜப்பானியர் இதை ‘ஜிஸ்ஷா’ என்கிறார்கள். இரண்டே எழுத்து. முதல் எழுத்துக்கு உண்மை என்று பொருள், அடுத்ததற்குப் படியெடுத்தல். ஒளிப்படத்தைக் குறிக்கும் ‘ஷாஷின்’ என்ற சொல்லில் வரும் ‘ஷா’வும் இதே எழுத்துதான். சினிமாவின் தொடக்க காலத்தில், நடந்ததை நடந்தபடியே பிடித்த படங்களுக்கு ஜிஸ்ஷா என்று பெயர். அப்புறம் அது அனிமேக்கு எதிர்ச்சொல்லாக நிலைத்துவிட்டது. பின்னால் ஒரு ‘கா’ சேர்த்து ‘ஜிஸ்ஷாகா’ என்றால், வரைகதையை ஆட்கள் நடிக்கும் படமாக ஆக்குவது.

எதிர்ச்சொல்லைப் பார்த்தால்தான் தமிழுக்கு வழி திறக்கிறது. அனிமேஷனின் வேர் ‘அனிமா’ என்ற லத்தீன் சொல். மூச்சு, உயிர் என்று பொருள். ஜப்பானியர் அனிமேஷனைக் கடன் வாங்கி, வாலை நறுக்கி ‘அனிமே’ ஆக்கினார்கள். நாம் ‘அசைவூட்டம்’ என்கிறோம். நல்ல சொல்தான், ஆனால் அதில் அசைவு மட்டும் தங்கி உயிர் விடுபட்டுப் போயிற்று. வேர்ப்பொருள்படி அது உயிரூட்டல். அப்படியென்றால் லைவ் என்பதை ‘உயிர்’ என்று பெயர்க்கவே கூடாது. ‘உயிர்நடிப்பு’ என்று வைத்தால் எதிரெதிராக நிற்க வேண்டிய இரண்டும் ஒரே சொல்லில் வந்து முட்டிக்கொள்ளும். உயிர் ஓவியத்தின் பக்கம் போய்விட்டது. நடிகரின் பக்கம் மிச்சமிருப்பது மெய்.

மெய் என்றால் உடம்பு. மெய் என்றால் உண்மை. ஜிஸ்ஷாவுக்குள் இருக்கும் உண்மையும், கேமரா முன் வந்து நிற்கும் உடம்பும் தமிழில் ஒரே சொல்லாக இருப்பதைக் கவனித்த நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சமல்ல. ஆகவே ‘மெய்ந்நடிப்பு’ என்பதே என் தேர்வு. மெய்ஞ்ஞானத்தில் ஞகரம் இரட்டிப்பதுபோல இங்கே நகரம் இரட்டிக்கிறது. கதையை வேறு வடிவத்துக்குக் கொண்டுவருவதற்குத் ‘தழுவல்’ என்ற அருமையான சொல் ஏற்கெனவே இருப்பதால், ‘மெய்ந்நடிப்புத் தழுவல்’ என்று முழுத் தொடரும் அமைந்துவிடும். ‘மனமார நடிப்பது’ என்று யாராவது பொருள் கொள்வார்களோ என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. ‘மெய்நிகர்’ புழங்கிப் புழங்கி நிலைத்ததுபோல இதுவும் நிலைக்கும். பேச்சில் ‘ஆள் நடிச்ச படம்’ என்றால் போதும், அதுவும் நல்ல தமிழ்தான்.

உயிர், மெய் என்ற இந்த இணையை வைத்துப் பார்த்தால் படங்களே வேறு மாதிரி தெரிகின்றன. ‘கோஸ்ட் இன் த ஷெல்’ 1989-இல் மசமுனே ஷிரோ தொடங்கிய மங்கா. நாயகி குசனாகியின் உடல் முழுக்க இயந்திரம். உள்ளே இருக்கும் தன்னுணர்வைக் கதை ‘கோஸ்ட்’ என்கிறது, உடலை ‘ஷெல்’ என்கிறது. நம் கணக்கில் உயிரும் மெய்யும். 1995-இல் மமோரு ஓஷீ இதை அனிமே ஆக்கினார். 2017-இல் ரூபர்ட் சாண்டர்ஸ் எடுத்த ஹாலிவுட் படத்தில் ஸ்கார்லெட் ஜோஹான்சன் நடித்தார். ஜப்பானியப் பாத்திரத்துக்கு ஜப்பானிய நடிகை கிடைக்கவில்லையா என்று பெரிய எதிர்ப்பு எழுந்தது. அவளுடைய உடலே செய்து பொருத்தியதுதானே, இதில் என்ன சிக்கல் என்று ஓஷீ படத்தின் பக்கம் நின்றார். படத்திலோ, கவோரி மொமோய் நடித்த தாயின் வீட்டுக்கு நாயகி போகிறாள். முன்பின் தெரியாத அந்த வெள்ளைக்கார முகத்தில் தாய் தன் மகளின் சாயலை உணர்கிறாள். ஜப்பானியப் பெண்ணின் உயிரை எடுத்து வேறு மெய்யில் வைத்துவிட்டார்கள் என்று கதையே சொல்கிறது. ஓஷீ மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனாலும் அந்தக் காட்சியைப் பார்த்தபின் எதிர்த்தவர்கள் பக்கம்தான் என் மனம் சாய்கிறது.

‘டிராகன்பால் எவல்யூஷன்’ மங்காவின் நாயகன் கோக்குவை அமெரிக்கப் பள்ளி மாணவனாக்கியது. திரைக்கதை எழுதிய பென் ராம்சே, ரசிகனாக அல்லாமல் பெரிய சம்பளத்துக்காகவே அதை எழுதியதாக 2016-இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

‘அலிடா’ நம் சொல்லையே சோதிக்கிறது. யுகிதோ கிஷிரோவின் மங்கா அது. நடிகை ரோசா சலாசரின் முகத்துக்கு முன் சிறு கேமராக்களைப் பொருத்தி, தசையின் ஒவ்வொரு அசைவையும் பதிந்து, கணினியில் செய்த உடலுக்கு ஏற்றினார்கள். மங்காவின் பெரிய கண்களும் அப்படியே வந்தன. நடித்தது மெய், திரையில் தெரிவது உயிரூட்டிய உருவம். ‘க்’கும் ‘அ’வும் சேர்ந்து ‘க’ ஆவதுபோல. இதற்கு உயிர்மெய் என்று இலக்கணம் எப்போதோ பெயர் வைத்துவிட்டது. அந்தப் பெயரை இங்கே எடுத்து ஆள்வதில் எனக்குத் தயக்கமே இல்லை.

மங்கா அல்லாத ஒரு படத்தையும் சொல்ல வேண்டும். 2019-இல் வந்த ‘த லயன் கிங்’ படத்தைப் பலரும் லைவ் ஆக்‌ஷன் என்றே எழுதினார்கள். கோல்டன் குளோப் விருதுக்கோ அது அனிமேஷன் பிரிவில் பரிந்துரையானது. சிங்கம், புல், பாறை எல்லாமே கணினியில் செய்தவை. தொடக்கத்தில் வரும் சூரிய உதயம் ஒன்றைத்தான் கேமராவில் பிடித்ததாக இயக்குநர் ஜான் ஃபவ்ரோ சொன்னார். அது மெய்ந்நடிப்பு அல்ல.