லாரி நிறுத்த நிறுவனத்தின் பங்கா? முதலில் வாடகையைப் பாருங்கள்

அமெரிக்க நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தங்களைப் பார்த்தால் யாருக்கும் முதலில் ஆசைதான் வரும். ஓட்டுநர் 11 மணி நேரம் ஓட்டிவிட்டால் அடுத்து 10 மணி நேரம் ஓய்வு எடுத்தே ஆக வேண்டும் என்பது அங்கே சட்டம், 2017 டிசம்பர் முதல் அதை மின்னணுக் கருவியே பதிவு செய்கிறது, ஆக வண்டியை நிறுத்த இடம், குளியல், சாப்பாடு, டீசல் எல்லாம் அவருக்கு அங்கேதான். பைலட், லவ்ஸ், டிராவல்சென்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா என மூன்று பெரிய போட்டியாளர்கள். இதில் கடைசி நிறுவனத்தின் பங்கைத்தான் 2023 வரை யாரும் நேரடியாகச் சந்தையில் வாங்க முடிந்தது.

நிறுவனக் கணக்குகளைப் படித்து ஆலோசனை சொல்வது என் தொழில். இந்த மாதிரிப் பங்கைப் பற்றிக் கேட்பவர்கள் விற்பனைத் தொகையில்தான் ஆரம்பிக்கிறார்கள். தப்பு அங்கேயே தொடங்குகிறது. 2021இல் சுமார் 730 கோடி டாலராக இருந்த இந்த நிறுவனத்தின் விற்பனை 2022இல் சுமார் 1,080 கோடியானது. அந்த உயர்வின் பெரும்பகுதி டீசல் விலை ஏறியதால் வந்தது. நிகர லாபமோ 16 கோடி சொச்சம்தான். கேலன் எவ்வளவு விற்றது, கேலனுக்கு எத்தனை சென்ட் மிஞ்சியது என்று பாருங்கள். அப்புறம் பழுதுபார்ப்பு, உணவகம், கடை. லாப விகிதம் அங்கேதான் அதிகம்.

சரி, அதெல்லாம் நன்றாக இருந்தாலும் இடம் யாருடையது? இந்த நிறுவனம் 2007இல் ஒரு ரியல் எஸ்டேட் அறக்கட்டளையிலிருந்து, அதாவது நிலம், கட்டடங்களை வாங்கி வாடகைக்கு விடும் முதலீட்டு நிறுவனத்திலிருந்து, பிரிக்கப்பட்டது. நிலமும் கட்டடமும் பெரும்பாலும் அறக்கட்டளையிடமே தங்கிவிட்டன, இரண்டு பக்கத்துக்கும் நிர்வாகச் சேவை தந்தது ஒரே குழு, அப்படியென்றால் வாடகை பேசும்போது சிறு பங்குதாரருக்காகப் பேச அங்கே யார் இருந்தார்கள்? 2008 நெருக்கடியில் வாடகையைத் தள்ளிப்போட அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 2019இல் ஒப்பந்தத்தைத் திருத்திய பிறகும் ஆண்டு வாடகை 24 கோடி டாலருக்கு மேல். 2022 போன்ற நல்ல ஆண்டின் நிகர லாபத்தைவிட அது அதிகம். வாடகையைக் கடனாகவே எண்ணிக் கணக்குப் போடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

2023 மே மாதம் பிபி என்ற பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனம் பங்குக்கு 86 டாலர் கொடுத்து மொத்தமாக வாங்கிக்கொண்டது. கொரோனா சரிவில் வாங்கியவர்களுக்கு அது பெரிய லாபம். ஆனால் 2019இல் 5 பங்குகளை 1 ஆக இணைத்திருந்தார்கள், பழைய கணக்கில் அந்த 86 டாலர் என்பது வெறும் 17 டாலர் 20 சென்ட். 2007இல் 30 டாலருக்கு மேல் கொடுத்து வாங்கி, 16 ஆண்டு பொறுமையாக வைத்திருந்தவருக்குப் போட்ட பணம்கூடத் திரும்பவில்லை.