சைக்கிள் பாதையை முதலில் தாளில் வரையுங்கள்

சைக்கிளில் விழுந்து அடிபட்டு வருகிறவர்களிடம் ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுத்து, அன்று காலை போன பாதையை வரையச் சொல்வது என் வழக்கம். கையில் கட்டுப் போட்டிருந்தால் அவர்கள் சொல்லச் சொல்ல நானே வரைவேன். விழுந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட வேண்டும். தென்சென்னையில் இயன்முறை மருத்துவராக இருக்கும் எனக்கு, எந்தத் தசைக்கு எந்தப் பயிற்சி என்று முடிவு செய்ய இந்தப் படம் தேவையே இல்லை. ஆனாலும் விடாமல் கேட்கிறேன். குணமானதும் அவர் மறுபடி அதே வழியில்தான் போகப் போகிறார் என்பது எனக்குத் தெரியும்.

தோளையும் மார்பையும் சேர்க்கும் காறை எலும்பு முறிந்து வந்த ஒருவர், ஐம்பதைக் கடந்தவர், வரைந்த படம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஈசிஆர் என்னும் கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தாளின் மேலிருந்து கீழ்வரை அழுத்தமான ஒரே கோடாக இழுத்தார். திருவான்மியூர், நீலாங்கரை, அக்கரை, முட்டுக்காடு என்று வரிசையாகப் பெயர் எழுதினார். வீட்டிலிருந்து அந்தச் சாலையைத் தொடும் பகுதி மட்டும் விரல் நுனி அளவுக்குச் சுருண்டு கிடந்தது. பெருக்கல் குறி அந்தச் சுருளுக்குள் இருந்தது. "ஈசிஆரில் எனக்கு ஒரு கீறல்கூட விழுந்ததில்லை டாக்டர். வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது இப்படி ஆகிவிட்டது" என்றார். வலப்பக்கம் முந்திய பஸ், நிறுத்தத்துக்காக இடப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது. இவர் பிரேக் பிடித்தார். சாலை ஓரத்தில் குவிந்திருந்த மணலில் முன்சக்கரம் வழுக்கியது. தோள் முதலில் தரையைத் தொட்டது.

என்னிடம் வந்த படங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கின்றன. தெருவிலிருந்து பெருஞ்சாலைக்கு ஏறும் இடம், பெருஞ்சாலையிலிருந்து ஏரிக்கரைக்கு இறங்கும் இடம், சர்வீஸ் சாலை திடீரென முடியும் இடம், மேம்பாலத்தின் இறங்கு பாதை இடப்புறம் வந்து சேரும் இடம். பாதையைத் தேடுகிறவர்கள் நல்ல காட்சியையும் நல்ல தார்ச் சாலையையும் தேடுகிறார்கள். இந்த இணைப்புகளைத் தேடி அலசுவதில்லை. நகரத் தெருவையும் புறநகர்ப் பாதையையும் சேர்க்கும் இணைப்பு நன்றாக இருந்தால்தான் அது நல்ல பாதை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தென்சென்னையில் இணைப்புகள் ஏன் இவ்வளவு நெரிசலாக இருக்கின்றன என்பதற்கு நிலமே விடை சொல்லும். ஈசிஆருக்கும் ஓஎம்ஆர் என்னும் பழைய மாமல்லபுரம் சாலைக்கும் நடுவே பக்கிங்காம் கால்வாய் வடக்குத் தெற்காக ஓடுகிறது. அதைக் கடக்கும் சாலைகளைத் தெற்கே போகப் போக விரல்விட்டு எண்ணிவிடலாம்: அக்கரையிலிருந்து சோழிங்கநல்லூருக்கு, கோவளத்திலிருந்து கேளம்பாக்கத்துக்கு, நெம்மேலியிலிருந்து திருப்போரூருக்கு. ஓஎம்ஆருக்கு மேற்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலம். 2022இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற அந்த நிலத்தைத் தாண்ட துரைப்பாக்கம்–பல்லாவரம் சாலை, பெரும்பாக்கம் வழி என்று சிலவே உண்டு. தண்ணீருக்கு இடம் விட்டு மிஞ்சிய அந்தச் சில கழுத்துகளுக்குள்தான் கார், கம்பெனி பஸ், தண்ணீர் லாரி, சைக்கிள் எல்லாம் நுழைய வேண்டும். ஆகவே பாதை அமைக்கும்போது முதலில் எந்தக் கழுத்தில், எத்தனை மணிக்குக் கடக்கப் போகிறோம் என்று முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

என்னைக் கேட்டால் இவற்றில் கோவளம்–கேளம்பாக்கம் சாலைதான் மனத்துக்கு இதமானது. இருபுறமும் உப்பங்கழியும் உப்பளமும், குளிர்காலத்தில் பறவைகளும் தெரியும். ஆனால் அது கிழக்கு மேற்காக ஓடும் சாலை. சூரியன் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் நோக்கிப் போனால், உங்களுக்குப் பின்னால் வரும் ஓட்டுநரின் கண்ணில் வெயில் நேராக அடிக்கும். நீங்கள் மஞ்சள் சட்டை போட்டிருந்தாலும் அவருக்கு நீங்கள் ஒரு கரிய நிழல்தான். மணிக்கு 40 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடந்துவிடும். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்து உங்களை அடையாளம் காண அந்த ஒரு நொடி போதாது. அதே சாலையில் மேற்கு நோக்கிப் போனால் வெயில் உங்கள் முதுகில் விழுந்து உங்களைத் துலக்கிக் காட்டும். வண்டலூர்–கேளம்பாக்கம் சாலைக்கும் இதே கணக்குதான். தாம்பரம் பக்கத்திலிருந்து கடலைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் இதைக் கட்டாயம் மனத்தில் வைக்க வேண்டும். ஜூன் மாதத்தில் சென்னையில் 5:45 மணிவாக்கில் சூரியன் எழுந்துவிடும். ஜனவரிக் கடைசியில் 6:30 தாண்டிவிடும். கிழக்கு மேற்குச் சாலையை விடியுமுன் பின்விளக்கோடு கடந்துவிடுங்கள், இல்லையென்றால் வெயில் ஏறும்வரை வடக்குத் தெற்குச் சாலையில் இருங்கள்.

காற்றையும் பாருங்கள். வடகிழக்குப் பருவக் காலத்தில் தெற்கே முட்டுக்காடு நோக்கிப் போகும்போது காற்று முதுகில் தள்ளும், வேகம் தானாக வரும். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் அடிக்கும். கால் சோர்ந்து, தலை குனிந்து, நெரிசல் தொடங்கிய நகருக்குள் நுழைகிறீர்கள். அந்தக் காறை எலும்புக்காரர் விழுந்ததும் ஒரு டிசம்பர் காலையில், திரும்பும் வழியில்தான். போகும் தூரத்தைக் காலின் தெம்பைப் பார்த்து முடிவு செய்யாமல், திரும்பும் காற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

புறநகர்ப் பக்கம் ஏரிக்கரைகள் இருக்கின்றன. தையூர், மாடம்பாக்கம், சித்தாலப்பாக்கம் என்று ஏரிகளின் பெயர்களைச் சொல்லும்போதே எனக்கு ஆசை வரும். கரைமேல் பஸ் இல்லை, ஹாரன் இல்லை. ஆனால் கரையோரம் முழுக்கச் சீமைக்கருவேலம். அதன் முள் காய்ந்தபின் ஆணிபோல் இருக்கும். கோடையில் நெருஞ்சியும் சேர்ந்துகொள்ளும். 25 மில்லிமீட்டர் டயரோடு இறங்கினால் பஞ்சர் ஒட்டவே காலை போய்விடும். 38, 40 மில்லிமீட்டர் டயரும் மாற்றுக் குழாயும் இருந்தால் மட்டும் இறங்குங்கள். மதகு இருக்கும் இடங்களில் கரை குறுகும். அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் எந்தக் குறைச்சலும் இல்லை. மழை பெய்த இரண்டு நாளைக்குக் களிமண் கரை வேண்டவே வேண்டாம்.

தனியாகப் போகும் பெண்கள் என்னிடம் கேட்பது வேறு. வழியில் ஆள் நடமாட்டம் இருக்குமா என்பதே அவர்களுடைய முதல் கேள்வி. அது நியாயமான கேள்வி. நானும் அப்படித்தான் பாதை தேர்ந்தெடுக்கிறேன். விடியற்காலையில் திறந்திருக்கும் ஒரு டீக்கடை, பால் பூத், நடைப்பயிற்சிக்காரர்கள் வரும் ஒரு திருப்பம் ஆகியவற்றை வரைபடத்தில் குறித்துவைத்து, அவற்றுக்கு இடையே நீண்ட இடைவெளி விழாதபடி வழியைக் கோத்துக்கொள்கிறேன். அழகான காட்டுப் பாதை ஒன்று இதனால் விட்டுப்போனால் போகட்டும். அதற்குத் துணையோடு போய்க்கொள்ளலாம்.

கைப்பேசி வரைபடங்கள் உதவும், ஓரளவுக்கு. கூகுள் மேப்ஸில் செயற்கைக்கோள் படத்தையும், 2022 முதல் சென்னைக்கும் கிடைக்கிற, தெருவை நேரில் பார்ப்பதுபோல் காட்டும் ஸ்ட்ரீட் வியூவையும் வைத்து, மையத் தடுப்பில் எங்கே இடைவெளி, எங்கே பஸ் நிறுத்தம் என்று வீட்டில் உட்கார்ந்தே பார்த்துவிடலாம். இருசக்கர வாகனத்துக்கான வழி மோட்டார் சைக்கிளை மனத்தில் வைத்துச் சொல்லப்படுவது. அதை அப்படியே நம்ப வேண்டாம். ஓட்டங்களைப் பதிவு செய்யும் செயலியான ஸ்ட்ராவாவின் வெப்ப வரைபடத்தில் சிவந்திருக்கும் சாலை பலர் போகும் சாலை, அவ்வளவே. வேகம் தேடிக் கூட்டமாகப் போகிறவர்களின் தடமாகவும் அது இருக்கலாம்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, இணைப்பு இடங்களை நேரில் போய்ப் பாருங்கள். சைக்கிளில் கடக்கப்போகும் அதே கிழமையில், அதே நேரத்தில், ஓரமாக நின்று பத்து நிமிடம் கவனியுங்கள். வண்டிகள் எங்கே இடப்புறம் வெட்டுகின்றன, யார் எதிர்த்திசையில் வருகிறார்கள், எந்த மூலையில் மணல் சேர்கிறது, எந்த நாய் துரத்துகிறது என்று எந்த வரைபடமும் சொல்லாததை அந்தப் பத்து நிமிடம் சொல்லிவிடும். நாய் துரத்தினால் வேகம் எடுக்காதீர்கள். இறங்கி சைக்கிளை நடுவில் வைத்து நில்லுங்கள். கடித்துவிட்டால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

உடம்பு தரும் தகவலையும் பாதைக் குறிப்பில் சேருங்கள். சிறுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போனால், கைப்பிடியில் உள்ளங்கையின் ஓரம் அழுந்தி நரம்பு நசுங்குகிறது என்று பொருள். கரடுமுரடான பாதை இதைக் கூட்டும். கையுறையும் கைப்பிடி உயரமும் சரிசெய்த பிறகும் தொடர்ந்தால் பாதையை மாற்றுங்கள். கீழே விழுந்து கையை ஊன்றி, கட்டைவிரலின் அடியில் குழிவாக இருக்கும் இடத்தில் அழுத்தினால் வலிக்கிறது என்றால் சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தேய்க்காதீர்கள். அங்கே இருக்கும் சிறு எலும்பில் விழும் விரிசல் முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். எலும்பு மருத்துவரிடம் காட்டி, அவர் சொன்ன நாளில் மறுபடி படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காறை எலும்புக்காரருக்குத் தோள் முழுமையாக உயரச் சில மாதங்கள் ஆயின. கடைசி நாளில் மறுபடி தாளைக் கேட்டு வாங்கி வரைந்தார். இந்த முறை வீட்டைச் சுற்றிய பகுதிதான் பாதித் தாளை அடைத்திருந்தது. பஸ் போகாத இரண்டு உள்தெருக்கள், ஒரு பள்ளிக்கூடத்தின் பின்சுவர், சிக்னல் இருக்கும் ஒரு சந்திப்பு. அங்கே இறங்கித் தள்ளிக் கடப்பதாகச் சின்னதாக ஒரு மனித உருவம் வேறு போட்டிருந்தார். முட்டுக்காடு தாளின் அடியில் ஓர் ஓரமாக, ஒரு புள்ளியாக இருந்தது.