ஸ்தோத்திரம் சொல்லியும் மனசு பாரமாக இருந்தால்

வடசென்னையின் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கத்திலிருந்து என்னிடம் மனநல ஆலோசனைக்கு வரும் கிறிஸ்தவர்களில் பலர் குற்ற உணர்வோடுதான் உட்காருகிறார்கள். வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லி அழுதால் தேவனுக்கு நன்றி கெட்டவர்களாகிவிடுவோமோ என்று பயம்.

"ஸ்தோத்திரம்னு வாய் சொல்லுது சிஸ்டர், மனசு கூட வரமாட்டேங்குது" என்றார் மீன் விற்கும் ஒரு அம்மா. (அவர் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாமல் எழுதுகிறேன்.) அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. கூடையில் மீன் குறைந்தாலும் வட்டி குறையாது. அந்த நேரத்தில் "எல்லாத்துக்கும் நன்றி சொல்லும்மா" என்று ஜெபக்கூட்டத்தில் ஒருவர் சொன்னது, வாயை மூடு என்பதுபோல அவருக்குக் கேட்டது.

வேதம் யார் வாயையும் மூடவில்லை. 13-ஆம் சங்கீதம் ஆறே வசனம்தான். "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று தாவீது திரும்பத் திரும்ப முறையிடுகிறார். பாட்டு கடைசி வசனத்தில்தான் வருகிறது. பிலிப்பியர் 4:6-லும் விண்ணப்பமும் ஸ்தோத்திரமும் சேர்ந்தே இருக்கின்றன. பவுல் அதை எழுதியது சிறைக் காவலில் இருந்தபோது. நன்றியுள்ள இருதயம் வேண்டுமென்றால் துக்கத்தை முதலில் துரத்தியாக வேண்டும் என்று இல்லை.

ஆனால் "சுகம் பெலன் தந்தீரே" என்று மனப்பாடமாக ஒப்பிப்பதில் மனசு அசையாது. நடந்த ஒன்றைப் பேர் சொல்லிச் சொல்ல வேண்டும். ராபர்ட் எமன்ஸ், மைக்கேல் மெக்கல்லா என்ற உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் ஒரு பிரிவினர் வாரம் ஒருமுறை தாங்கள் நன்றியாக உணர்ந்தவற்றை எழுதினார்கள். எரிச்சல்களை எழுதியவர்களைவிட இவர்களுக்குத் தங்கள் வாழ்க்கை மேலாகத் தெரிந்தது. வாரம் ஒருமுறை போதும் என்பதுதான் எனக்குப் பிடித்தது. தினமும் எழுதச் சொன்னால் அதுவும் ஒரு கடனாகிவிடும்.

அந்த அம்மா கடன் நோட்டின் பின்பக்கத்தில் எழுதினார்: "ஐஸ்காரர் காசு அப்புறம் தாங்கன்னு சொன்னார். மருமகள் தலைக்கு எண்ணெய் தேய்ச்சு விட்டாள்."

"மருமகள்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டேன். "அதை எப்படி சிஸ்டர் வாயைத் திறந்து சொல்றது?" என்று வெட்கப்பட்டார். நம் வீடுகளில் இதுதான் நிலை. ஆராதனையில் உரத்த சத்தமாய்த் துதிக்கிறோம், சோறு போட்டவளிடம் ஒரு வார்த்தை சொல்வதில்லை. லூக்கா 17-இல் பத்துக் குஷ்டரோகிகளும் சுத்தமானார்கள். ஒரு சமாரியன் மட்டும் திரும்பி நடந்து வந்து நன்றி சொன்னான்.

போதகர்களுக்கும் ஜெபக்குழுத் தலைவிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடி வாங்கும் மனைவியிடம் "ஸ்தோத்திரம் சொல்லிப் பொறுத்துக்கோ" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். 181 பெண்கள் உதவி எண்ணைக் கொடுங்கள். தூக்கமும் பசியும் போய், எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் ஒருவர் இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், நன்றிகெட்டதனம் அல்ல. ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் அவரைத் தனியாக விடாமல் உடனே 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள். இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம்.