சீசன் நடுவில் வந்த புகார்: பிக் டென் ஆணையர் செய்த சரியும் தப்பும்

கல்லூரிப் போட்டிகளில் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் உட்காருகிற எல்லோரும் 2023 நவம்பரில் அமெரிக்காவின் பிக் டென் கல்லூரி லீக்கின் ஆணையர் டோனி பெட்டிட்டி, மிச்சிகன் அணியின் தலைமைப் பயிற்சியாளரை மூன்று ஆட்டத்துக்குத் தடை செய்து எடுத்த முடிவைப் பொறுமையாகப் படித்துப் பார்க்க வேண்டும். நான் உடற்கல்வித் துறையில் இருப்பவன். புரொட்டஸ்ட் மனுவைக் கையில் வாங்கிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக முடிவு சொல்ல வேண்டிய நெருக்கடி எனக்குப் பழக்கம். அதனால்தான் அவருடைய உத்தரவை ஒரே வார்த்தையில் நல்லது, கெட்டது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

விவகாரம் இதுதான். அமெரிக்கன் ஃபுட்பாலில் ஒவ்வொரு முறை பந்து எடுக்கும் முன்பும், பயிற்சியாளர் தரப்பு எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு கைச் சைகையிலும் பெரிய படப் பலகைகளிலும் வீரர்களுக்குத் திட்டத்தைச் சொல்லும். அந்தச் சைகை எதிரணிக்குப் புரிந்துவிட்டால், வரப்போவது ஓட்டமா எறிதலா என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். பலரும் குழம்புகிற இடம் ஒன்று உண்டு, சைகையைப் படிப்பது விதிமீறல் இல்லை. ஆட்டத்தின்போது கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கலாம், டிவி பதிவை எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் அதே சீசனில் மோதப்போகிற அணியின் ஆட்டத்துக்கு நேரில் ஆள் அனுப்பி வேவு பார்ப்பதை, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு 1994-லிருந்து தடை செய்திருக்கிறது. பணமுள்ள கல்லூரி ஊர் ஊராக ஆள் அனுப்பும், சின்னக் கல்லூரியால் அது முடியாது என்ற செலவுக் கணக்குதான் இந்த விதிக்குப் பின்னால் இருந்தது.

மிச்சிகன் பல்கலைக்கழக அணியில் வேலை பார்த்த கானர் ஸ்டாலியன்ஸ் மற்ற பிக் டென் கல்லூரிகளின் ஆட்டங்களுக்குத் தன் பெயரிலேயே டிக்கெட் வாங்கி, ஆட்களை அனுப்பி, எதிரணிப் பயிற்சியாளர்களைப் படம்பிடிக்க வைத்தார் என்பது அக்டோபரில் வெளியே வந்தது. யார் எந்த ஆட்டத்துக்குப் போக வேண்டும் என்று பெயர் போட்டு வைத்திருந்த ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டும் சிக்கியது. நவம்பர் 3 அன்று அவர் ராஜினாமா செய்தார்.

பெட்டிட்டி பதவிக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. என்சிஏஏ விசாரணை முடிய எவ்வளவு காலம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. மிச்சிகனோ ஒன்பது ஆட்டத்திலும் ஜெயித்து சாம்பியன் பட்டத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அப்போது லீக்கில் இருந்தவை 14 கல்லூரிகள், மற்ற கல்லூரிகளின் பயிற்சியாளர்களும் விளையாட்டு இயக்குநர்களும் இப்போதே ஏதாவது செய்யுங்கள் என்று நெருக்கினார்கள். இந்த இக்கட்டு நம் ஊரில் கபடிப் போட்டி நடத்துகிறவருக்கும் தெரியும். ஓவர் ஏஜ் என்று ஒரு புகார் வரும், பிறந்த தேதிச் சான்றிதழைச் சரிபார்க்க ஒரு வாரம் ஆகும், ஆனால் அரையிறுதி நாளைக் காலையிலேயே இருக்கும்.

நவம்பர் 10 அன்று 13 பக்கத்தில் உத்தரவு வந்தது. தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா, மீதமிருந்த மூன்று லீக் ஆட்டங்களின்போது மைதானத்தில் இருக்கக் கூடாது, வார நாட்களில் பயிற்சி கொடுக்கலாம். இதில் நான் மதிக்கிற விஷயம், ஹார்பாவுக்கு இது தெரியும் என்று தன்னிடம் ஆதாரம் இல்லை என்பதை பெட்டிட்டி மறைக்கவே இல்லை. இது தனி மனிதருக்கான தண்டனை அல்ல, முறையற்ற ஆதாயம் பெற்ற பல்கலைக்கழகத்தின் மீதான நடவடிக்கை என்று தெளிவாக எழுதினார். விதிமீறல் நடந்ததா என்பது ஒரு கேள்வி, அது யார் குற்றம் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் கையில் இருந்தால் நடவடிக்கை எடுக்கலாம், இரண்டாவதை விசாரணைக்கு விட்டுவிடலாம். நம் குழுக்களில் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, அரைகுறை ஆதாரத்தில் ஒரு மாஸ்டரின் பெயரையே கெடுத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பாவம், அப்புறம் அவர் நிரபராதி என்று தெரிந்தாலும் கெட்ட பெயர் போவதில்லை.

இன்னொன்று, பெட்டிட்டி தனியாக விதிக்கக்கூடியது இரண்டு ஆட்டத் தடை வரைதான், அதற்கு மேல் போனால் லீக்கின் கூட்டு நிர்வாகக் குழு ஒப்புதல் தர வேண்டும். அவர் அந்த ஒப்புதலை வாங்கித்தான் மூன்று ஆட்டம் என்று எழுதினார்.

சரி, தப்பு எங்கே? நேரத்தில். மிச்சிகனின் எழுத்துப்பூர்வ பதில் நவம்பர் 8-ம் தேதியே வந்துவிட்டது. உத்தரவு வெளியானது 10-ம் தேதி வெள்ளிக்கிழமை பிற்பகல், அணி பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துடனான ஆட்டத்துக்காகப் பயணத்தில் இருந்தபோது. முன்னாள் படைவீரர் நாள் விடுமுறை என்பதால் அன்று நீதிமன்றமும் இல்லை. மறுநாள் மதியமே ஆட்டம். மேல்முறையீட்டுக்கு வாசலே இல்லாத நேரத்தில் கொடுத்த உத்தரவு, உள்ளே எழுதியிருப்பது எவ்வளவு நியாயமாக இருந்தாலும், பதுங்கியிருந்து அடித்தது போலத்தான் தெரியும். பேச்சு ஸ்ப்ரெட்ஷீட்டை விட்டு ஆணையரின் கடிகாரத்துக்குப் போய்விட்டது. நான் பக்கத்திலிருந்து பார்த்த ஒரு போட்டியிலும் இதேதான் நடந்தது. ஒரு வீரருக்குத் தகுதியில்லை என்று முந்தின நாள் இரவே எடுத்த முடிவை, பையன்கள் வார்ம் அப் செய்துகொண்டிருக்கும்போது மேனேஜரைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். மைதானத்தில் கூச்சல். தகுதியில்லாத வீரரைப் பற்றி யாருமே பேசவில்லை, குழுவைத்தான் திட்டினார்கள்.

மிச்சிகன் வழக்குப் போட்டது. வாஷ்டனா கவுன்டி நீதிமன்றத்தில் 17-ம் தேதி விசாரணை என்றிருக்க, முந்தின நாள் வழக்கைக் கைவிட்டுத் தடையை ஏற்றுக்கொண்டது, லீக்கும் தன் விசாரணையை முடித்துக்கொண்டது. துணைப் பயிற்சியாளர் ஷெரோன் மூர் பொறுப்பில் அந்த மூன்று ஆட்டத்தையும் அணி ஜெயித்தது, 2024 ஜனவரியில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை 34-13 என்று வென்று தேசிய சாம்பியனும் ஆனது. என்சிஏஏவின் இறுதித் தீர்ப்பு வந்தது 2025 ஆகஸ்டில். கல்லூரி அணிகளில் வேலை பார்ப்பதில் ஸ்டாலியன்ஸுக்கு 8 ஆண்டு, ஹார்பாவுக்கு 10 ஆண்டு கட்டுப்பாடு, பல்கலைக்கழகத்துக்குக் கோடிக்கணக்கான டாலர் அபராதம். அதற்குள் ஹார்பா தொழில்முறை லீக்குக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. விசாரணை முடியட்டும் என்று பெட்டிட்டி காத்திருந்தால், அந்த சீசனில் மிச்சிகனோடு மோதிய அணிகளுக்கு எந்த நிவாரணமும் கிடைத்திருக்காது. ஆகவே நடவடிக்கை எடுத்ததில் அவர் மேல் எனக்குக் குறையே இல்லை.

போட்டி நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. இடைக்கால நடவடிக்கையை யார் எடுக்கலாம், எத்தனை ஆட்டம் வரை, எதிர்த்தரப்பு பதில் சொல்ல எத்தனை மணி நேரம், ஆட்டத்துக்கு எவ்வளவு முன்னால் முடிவைத் தெரிவித்தாக வேண்டும், மேல்முறையீட்டை அன்றைக்கே கேட்க யார் இருப்பார்கள் என்பதெல்லாம் சீசன் தொடங்கும் முன்பே எழுத்தில் இருக்கட்டும். கடைசி இரண்டும் நான் பார்த்த பெரும்பாலான விதிப்புத்தகங்களில் இல்லை.

கூடவே, ஓட்டை எங்கே என்றும் பாருங்கள். தொழில்முறை லீக்கில் 1994-லிருந்தே ஹெல்மெட்டுக்குள் ரேடியோ உண்டு, கல்லூரி ஆட்டத்தில்தான் எல்லோரும் பார்க்கும்படி கையாட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த விவகாரத்துக்குப் பிறகு, 2024 ஏப்ரலில், மேல்மட்டக் கல்லூரி அணிகளுக்கும் அதை அனுமதித்தார்கள். களத்தில் ஒரு வீரரின் ஹெல்மெட்டில் மட்டும் இருக்கும், ஒவ்வொரு முறை பந்து எடுக்கும் முன்பும் ஓடும் கடிகாரத்தில் 15 விநாடி மிச்சமிருக்கும்போது தொடர்பு அறுந்துவிடும்.